ஒருவர் படுக்கலாம், மூவர் நிற்கலாம்!

உலகத்திலேயே மிகச் சின்ன விடுதி எது? ஜப்பானில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்து, உள்ளே ஆளைத் தள்ளிக் கதவைச் சாத்துகிறார்களே, அதுவா? ஊஹூம். நம்ம திருக்கோவிலூரில் இருந்த விடுதி அதைவிடச் சின்னது. ரூம் கிடையாது, கட்டில் கிடையாது. ஒரே ஒரு இடைகழி. அதாவது வாசலுக்கும் உள்கட்டுக்கும் நடுவில் இருக்கிற ரேழி.

மழை கொட்டுகிற ஒரு ராத்திரி. பொய்கையாழ்வார் அந்த ரேழியில் ஒதுங்கிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் பூதத்தாழ்வார் நனைந்துகொண்டு வந்து இடம் கேட்டார். "ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம்" என்று இவர் எழுந்து உட்கார்ந்தார். அடுத்து பேயாழ்வார் வந்தார். "இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம்" என்று இருவருமே எழுந்து நின்றுவிட்டார்கள். அப்புறம் நாலாவதாக யாரோ இடித்து நெருக்குகிற மாதிரி இருக்க, யாரென்று பார்த்தால் சாட்சாத் பெருமாள்! வைணவர்கள் சொல்கிற கதை இது. அந்த நெருக்கத்தில் பிறந்தவைதான் முதல் மூன்று திருவந்தாதிகளும் என்பார்கள். ஆளுக்கு நூறு பாட்டு.

'இடமில்லை' என்ற போர்டே மாட்டாத விடுதி. கவனித்தீர்களா? மூவரில் ஒருவர்கூட "நான்தானே முதல்லே வந்தேன்" என்று சொல்லவில்லை. (பகல் நேர பாசஞ்சரில் படுத்துக்கொண்டு வருகிற அன்பர்கள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கவும்.)

இந்தக் கதை எனக்கு ஞாபகம் வந்தது திருக்கோவிலூரில் இல்லை. அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம், கண்டாச்சிபுரம் பக்கத்தில், ஒரு தகரக் கொட்டகைக்குள் நாற்பது பேருக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தபோது!

கண்டாச்சிபுரம், விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தாலுகா தலைநகர். விழுப்புரத்திலிருந்து வேட்டவலம் வழியாகத் திருவண்ணாமலை போகிற ரோட்டில் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. சுற்றிலும் யாரோ பிடித்து வைத்த கொழுக்கட்டை மாதிரி பாறைக் குன்றுகள், ஏரிகள், கரும்பு, நெல், வேர்க்கடலை. 'வேர்க்கடலை' என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். இங்கே அது 'மல்லாட்டை'. இதே வட்டாரத்தில் கீழ்வாலை என்றொரு ஊர். அங்கே பாறை ஒதுக்குகளில் செங்காவி நிறத்தில் ஆதி மனிதர்கள் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. மழைக்கு ஒதுங்க இடமும், பொழுதுபோகச் சுவரும் கிடைத்தால் மனுஷன் என்ன செய்வான் என்பதற்குச் சாட்சி. நம்ம பஸ் ஸ்டாண்டு சுவர்களுக்கெல்லாம் அதுதான் கொள்ளுத் தாத்தா!

கார்த்திகை தீபம் நெருங்கினால் இந்த ரோடே மாறிவிடுகிறது. கடலூர் பக்கம், புதுச்சேரி பக்கம், விழுப்புரம் பக்கம் என்று கூட்டம் கூட்டமாக நடந்து வருகிறார்கள். தோளில் பை, தலையில் மூட்டை, காலில் செருப்பில்லை. அங்கே போய் மலையைச் சுற்றி இன்னொரு 14 கிலோமீட்டர் வேறு நடக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே இரண்டு, மூன்று நாள் நடை. 'ட்ரெக்கிங்' என்று பேர் வைத்துப் பையையும் பூட்ஸையும் சேர்த்து ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள் அல்லவா, அதை நம்ம ஜனங்கள் ஒரு பழைய துண்டை வைத்துக்கொண்டே முடித்துவிடுகிறார்கள்.

தீபத்துக்கு இரண்டு நாள் முன்னால் நானும் விழுப்புரத்திலிருந்து அவர்களோடு நடந்தேன். (பி.காம். படித்தவனுக்கு நடை புதிதல்ல. வேலை தேடி நடந்ததைக் கூட்டினால் காசியே வந்திருக்கும்.) இருட்டுகிற நேரத்தில் கண்டாச்சிபுரம் வட்டாரத்தில் ரோட்டோரமாக அந்தக் கொட்டகை கண்ணில் பட்டது. மூன்று பக்கம் செங்கல் சுவர், நாலாவது பக்கம் லாரிப் படுதா. மேலே தகரம். ஒரே ஒரு ட்யூப் லைட்டும், அதைச் சுற்றி ஊரிலுள்ள அத்தனை ஈசலும். பக்கத்தில் அடிபம்பு. பின்னால் மல்லாட்டை காயப்போடுகிற களம். கோரைப்பாய்கள் ஒரு மூலையில் சுருட்டி வைத்திருந்தன. வாசலில் நின்றவர் ஒரு பெரியவர். வேட்டி, பனியன், வாயில் விசில்.

ஆமாம், விசில்!

"உள்ள போங்க, உள்ள போங்க! படியிலயே நிக்காதீங்க! நடுவுல எடம் இருக்கு பாருங்க, நவுந்து நவுந்து குந்துங்க!"

நான் திகைத்து நிற்பதைப் பார்த்து, "ஒண்டியாவா வந்தீங்க? அந்த ஜன்னல் பக்கம் சிங்கிள் ஒண்ணு கீது, போங்க தம்பி" என்றார். ஜன்னலே கிடையாது. சுவரில் ஒரு செங்கல் இல்லை, அவ்வளவுதான்.

சந்தேகமே வேண்டாம், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இதே ரூட்டில் முப்பத்தோரு வருஷம். எல்லாரையும் 'ஏற்றி' முடித்தபின் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எதற்காகக் கட்டினீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு மழ ராத்திரி தம்பி. கடைசி ட்ரிப்பு. டிரைவர் சடார்னு பிரேக் போட்டாரு. பார்த்தா, கல்வெட்டுக் கட்ட ஓரமா வரிசையா ஜனம் படுத்துத் தூங்குது. நடந்த அசதி. ஒரு கொழந்த, காலை ரோட்டு மேல நீட்டிக்கினு தூங்குது. சக்கரத்துக்கும் அந்தக் காலுக்கும் ஒரு முழம்தான். அன்னிக்கு டிக்கெட் கிழிச்ச கை, வூட்டுக்கு வந்து சோறு பெசையறப்பகூட நடுங்குச்சு."

ரிட்டையர் ஆன பணத்தில் பெண் கல்யாணம் போக மிச்சம் இருந்ததில் இந்தக் கொட்டகை.

சாப்பாட்டுக்கு எங்களுக்குக் குறைவே இல்லை. வழி நெடுக நிறுத்தி நிறுத்திப் புளிசாதம், தயிர்சாதம், சுக்குக் காபி, மோர் என்று அன்னதானம். மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். என் பக்கத்தில் கால் விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, பேச்சுவாக்கில் சொன்னார்: "சோறு எங்க வேணாலும் கெடைக்குது தம்பி. ராத்திரி பொம்பளைங்க மறைவா ஒதுங்க ஒரு எடம், பயமில்லாம காலை நீட்ட ஒரு எடம், அதுதான் இல்ல. அதுக்காவே சாயங்காலத்துக்கு மேல நான் தண்ணி குடிக்கிறதில்ல."

இங்கே பின்பக்கம் ஓலை மறைப்புப் போட்டு ஒரு கக்கூஸ் இருந்தது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அந்த அம்மா அன்றைக்கு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

மறுநாள் காலையில் கண்டாச்சிபுரத்திலிருந்து பஸ் பிடித்து அறகண்டநல்லூர் போனேன். நடைக் கோஷ்டி வடமேற்கே போக, நான் மட்டும் தெற்கே. காரணம் இருக்கிறது. தென்பெண்ணைக் கரையில் இருக்கும் இந்த ஊர், பழைய பெயர் அறையணிநல்லூர், வழிநடைக்காரர்களின் ஊர். பாரி மகளிரைக் கூட்டிக்கொண்டு கபிலர் வந்து சேர்ந்தது இந்த ஆற்றங்கரைக்குத்தான் என்று சொல்வார்கள். ஆற்றில் 'கபிலர் குன்று' இன்றும் நிற்கிறது. ஞானசம்பந்தர் இங்கே பாறை மேலிருக்கும் கோயிலிலிருந்து அண்ணாமலையைக் கண்டு பாடினார் என்பது தலபுராணம். இவர்களுக்கெல்லாம் ரொம்பப் பிற்பாடு, 1896-ல், மதுரையிலிருந்து பதினாறு வயசுப் பையன் ஒருவனும் வந்தான். பெயர் வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி.

ஆகஸ்ட் 29-ஆம் தேதி வீட்டில் சொல்லாமல் கிளம்பினான். பழைய மேப்பைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினான். 2 ரூபாய் 13 அணா. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் போட்டாயிற்று என்பதே ரயிலில் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரியும். விழுப்புரத்தில் இறங்கி, பசியோடு ஒரு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு இரண்டணாவை நீட்டினான். ஓட்டல்காரர், கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். இரண்டரை அணா என்றதும் காசை வாங்க மறுத்துவிட்டார். அந்தக் காசில் மாம்பழப்பட்டு வரைக்கும்தான் ரயில் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து சுமார் பத்து மைல் நடை. சாயங்காலம் அறையணிநல்லூர் கோயில்.

பூஜை முடிந்து கோயிலைப் பூட்டுகிற நேரம். சோறு கேட்டான், இல்லை. ராத்திரி தங்கிக்கொள்ளக் கேட்டான், கூடாது. கீழூர்க் கோயிலுக்குப் போனால் கிடைக்கலாம் என்றார்கள். அங்கேயும் பூஜை முடிந்து இல்லை என்று சொல்ல, மேளக்காரர் குறுக்கே வந்து, "என் பங்கைக் கொடுங்கள்" என்றார். சோற்றுத் தட்டோடு தண்ணீருக்காகக் காத்திருந்தபோது பையன் மயங்கி விழ, சோறு தரையில் சிதறியது. எழுந்து அதைப் பொறுக்கிச் சாப்பிட்டு, அங்கேயே படுத்துவிட்டான். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் விருந்துச் சாப்பாடு. கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய். அன்றைக்கு ராத்திரி ரயில்வே ஸ்டேஷனில் படுக்கை. செப்டம்பர் 1-ஆம் தேதி காலை ரயிலில் திருவண்ணாமலை!

கணக்குப் படித்தவன் பார்வையில் இதைப் பேரேட்டில் எழுதிப் பாருங்கள். ஓட்டல்காரர் புத்தகத்தில் இரண்டணா வாராக் கடன். மேளக்காரருக்கு ஒருவேளைப் பட்டினி. எங்கள் பாடத்தில் 'குட்வில்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு; கண்ணால் பார்க்க முடியாத சொத்து, மதிப்புப் போடுவது கஷ்டம் என்று வாத்தியார் சொல்வார். அவர் உதாரணம் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஆனால் ஒன்று. அந்தப் பையனுக்கும் எப்படியோ சோறு கிடைத்தது. தலைசாய்க்க இடம்? ஒரு ராத்திரி தெருவில், ஒரு ராத்திரி ஸ்டேஷனில். கொட்டகையில் அந்த அம்மா சொன்னதும் அதேதான்! சோறு போடுவதில் நாம் சூரர்கள். இடம் விடுவதில்தான் எப்போதும் இழுபறி.

ஒரு காலத்தில் அதற்கும் வழி வைத்திருந்தோம். திண்ணை. வீட்டுக்காரனே எழுந்து வர வேண்டாம், கதவைத் தட்ட வேண்டாம். வழிப்போக்கன் தலைவைக்கத் திண்டு மாதிரி சிமெண்டில் சரிவு வைத்துக் கட்டிய திண்ணைகள்கூட உண்டு. இப்போது அந்த இடத்தில் கிரில் கேட்டும், 'நாய்கள் ஜாக்கிரதை'யும். குறை சொல்லி என்ன பயன்? ராத்திரி முகம் தெரியாத ஆள் படுத்திருந்தால் எனக்கும்தான் பயம். திண்ணை போனது போகட்டும். அதன் வேலையை இனி யார் செய்வது?

அந்தக் கொட்டகைக்கும் ஆபத்து வந்திருக்கிறது. கிளம்பும்போது பெரியவரின் மகன் என்னைத் தனியே கூப்பிட்டார். "சார், நீங்க காமர்ஸ்னு அப்பா சொன்னாரு. ரோட்டு மேல இருக்கிற இடம். குடோனுக்கு மாசம் எட்டாயிரம் தர ஆள் ரெடியா இருக்கு. அப்பா அசைய மாட்டேங்கிறாரு. நீங்களே கணக்குப் போட்டு அவருக்குச் சொல்லுங்க."

போட்டேன். வருஷத்துக்கு 96,000 ரூபாய். பௌர்ணமிக்கு இரண்டு ராத்திரி வீதம் 24, கார்த்திகைக்கு ஒரு பத்து. ஆக 34 ராத்திரி. ராத்திரிக்கு 2,800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. நாற்பது பேர் தங்கினால் தலைக்கு எழுபது ரூபாய். "ஒரு டிபன் காசுக்கு உங்கப்பா ஒரு ஆளை ரோட்டிலேருந்து உள்ளே இழுத்துப் போடறார்" என்றேன்.

மகன் கெட்டவர் இல்லை. யோசித்துவிட்டுக் கேட்டார்: "எழுபது ரூபா நியாயம்தான் சார். அதை வருஷா வருஷம் யார் குடுக்கிறது?"

பத்து ரூபாய் நோட்டுகள் கிடந்த உண்டியலைப் பார்த்தேன். கேள்வி சரியான கேள்வி. "மத்த நாளைக்குக் குடோன், பௌர்ணமிக்கு மட்டும் கொட்டகைன்னு வெச்சுக்கலாமே?" என்று சமரசம் பேசினேன். பெரியவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஆள் ஏர்ற நேரத்துல சீட்டுல மூட்ட இருந்தா, அது பஸ்ஸு இல்ல தம்பி, லாரி."

தை பிறந்ததும் முடிவு சொல்வதாக மகன் குடோன்காரரிடம் தவணை வாங்கியிருக்கிறார்.

ஒரு கண்டக்டரின் பிராவிடண்ட் ஃபண்டை நம்பி இத்தனை ஜனம் நடப்பது சரியா? வழியில் ஊருக்கு ஊர் சமுதாயக் கூடம் இருக்கிறது. பள்ளிக்கூட வராந்தா இருக்கிறது. நெல் அடிக்கும் களம் இருக்கிறது. புதிதாக ஒரு செங்கல் வேண்டாம். ஒரு விளக்கு, ஒரு குழாய், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஒரு கக்கூஸ், காலையில் பெருக்க ஒரு விளக்குமாறு. அன்னதானத்துக்கு வசூல் செய்கிற நல்லவர்கள், ஒரு அண்டா புளிசாதத்தின் செலவை இந்தப் பக்கம் திருப்பினால் ஆரம்பித்துவிடலாம்.

பெரும்பாலான ஊரில் கூடம் பூட்டித்தான் கிடக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்று, அடுத்த தீபத்துக்குள் விசாரித்து வைப்போமே!