கோபுரம் மேலே, வளை கீழே... வடபழனியின் ராத்திரி வாசிகள்!

வடபழனி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முருகன் கோயில், ஏவி.எம் வாசலில் இருக்கும் உலக உருண்டை, கமலா தியேட்டர், சாலைக்கு மேலே பாலம், பாலத்துக்கும் மேலே ஓடும் மெட்ரோ. இதெல்லாம் தரைக்கு மேலே இருக்கும் வடபழனி. தரைக்குக் கீழே இன்னொரு வடபழனி இருக்கிறது. பூக்கடைகள் மூடி, ஆற்காடு சாலையில் ஹாரன் சத்தம் கொஞ்சம் அடங்கிய பிறகு அது விழித்துக்கொள்கிறது. மழைநீர் வடிகால் மூடியின் இடுக்கிலிருந்து ஒரு மூக்கு நீளும். பிறகு, ஒரு சின்னப் பூனை அளவுக்கு உடம்பு வெளியே வரும். பெருச்சாளி!

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் சாலிகிராமம் பக்கமுள்ள பழைய தனி வீடுகளிலும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வெயில், டிராஃபிக், தண்ணீர் லாரிக்கு அடுத்தபடியாக இதைப் பற்றித்தான் புலம்புவார்கள்.

"செம்பருத்திச் செடி நல்லாத்தான் தம்பி இருந்துச்சு. ஒருநாள் காலையில பார்த்தா அப்படியே சாய்ஞ்சு கிடக்கு. தூக்கினா கையோட வந்துடுச்சு. வேருக்குக் கீழ மண்ணே இல்ல, வெறும் பொந்து!" என்றார், வடபழனியில் 40 வருடமாக வசிக்கும் ஒரு பாட்டி. அவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மூன்று வளைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் புதிதாகத் தோண்டிப்போட்ட ஈர மண், சின்ன மேடாகக் குவிந்திருந்தது.

தோப்பு இருந்த ஊர்

இவ்வளவு கான்கிரீட் இருக்கும் இடத்தில் வளை எப்படி? அதற்கு ஊரின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வடபழனி முருகன் கோயில் சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஓலைக் குடிசையில் தொடங்கியது. முருகன் படத்தை வைத்து அங்கே வழிபட்டவர் அண்ணாசாமி தம்பிரான். அப்போது இந்தப் பக்கம் எல்லாம் நகரத்துக்கு வெளியே இருந்த கிராமம்தான். பிறகு சினிமா வந்தது. காரைக்குடியில் இருந்த ஏவி.எம் ஸ்டூடியோ 1948-ல் இங்கே இடம் மாறியது. விஜயா வாகினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று மருத்துவமனையும் மாலும் நிற்கின்றன. 2015 ஜூனில் மெட்ரோவும் வந்துவிட்டது.

மேலே இத்தனை மாறினாலும், மண் அதே மண்தான். பெருச்சாளிக்குத் தேவையானவை மூன்றே மூன்று: தோண்டுவதற்கு இளகிய மண், பக்கத்திலேயே தண்ணீர், தினமும் சாப்பாடு. வடபழனியில் மூன்றுக்கும் குறைவில்லை. தண்ணீருக்கு வடிகால். மண்ணுக்கு வீட்டுத் தோட்டமும் காலி மனைகளும். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முகூர்த்த நாளில் கோயிலைச் சுற்றியுள்ள மண்டபங்களின் பின்வாசலைப் பார்த்தால் தெரியும்: எச்சில் இலை, தேங்காய் மூடி, வாழைப்பழத் தோல்.

"மெட்ரோவுக்குத் தோண்ட ஆரம்பிச்சதுலேர்ந்து ஜாஸ்தியாயிடுச்சு சார். அதுங்களும் எங்க போவும்? நம்ம வூட்டுக்குத்தான் வரும்" என்கிறார் ஆற்காடு சாலை டீக்கடைக்காரர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் இரண்டாம் கட்ட மெட்ரோ இந்தச் சாலை வழியாகத்தான் வருகிறது. நிலத்தைத் தோண்டும்போது வளை கலைந்தால், அதில் இருந்தவை பக்கத்தில் புது இடம் தேடும்.

ஆள் யார் என்று பாருங்கள்

விரட்டுவதற்கு முன்னால், வந்திருப்பது யார் என்று தெரிய வேண்டும். நீண்ட கூர்மூக்கோடு, 'கீச் கீச்' என்று சுவரோரமாக ஓடுவது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பான்பூச்சி, புழுக்களைத் தின்னும் பிராணி. உங்கள் செடியின் வேரைக் கடித்தது அதுவாக இருக்காது. அதை விட்டுவிடலாம்.

பெருச்சாளி அப்படி இல்லை. உடம்பு மட்டுமே ஓர் அடி நீளம் வரை வளரும். எடை ஒரு கிலோவைத் தொடும். மிரண்டால் முதுகு முடியைச் சிலிர்த்துக்கொண்டு பன்றி மாதிரி உறுமும். தெலுங்கில் அதன் பெயர் 'பந்திகொக்கு', அதாவது பன்றி எலி. அந்தச் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'பேண்டிகூட்' ஆனது. ஆஸ்திரேலியாவில் வயிற்றில் பையுள்ள வேறொரு பிராணிக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். கழிவுநீர்க் குழியைச் சுத்தம் செய்ய கேரள இளைஞர்கள் உருவாக்கிய ரோபோவுக்கும் 'பேண்டிகூட்' என்றுதான் பெயர்!

பெயர்க் கதை சுவாரஸ்யமாக இருந்தாலும், பிரச்னை சின்னதல்ல. வளை காம்பவுண்டுச் சுவரின் அஸ்திவாரத்துக்குக் கீழே போனால், அடுத்த மழையில் மண் உள்வாங்கும். தளம் இறங்கும், சுவர் விரியும். இன்னொன்று, எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரில் இருக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, தேங்கிய மழைநீரில் கலந்து, காலில் இருக்கும் சின்னக் காயம் வழியாகக்கூட உடம்புக்குள் போய்விடும். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைவாசிகளுக்கு, முழங்கால் தண்ணீரில் நடப்பது புதிதில்லை. அதன்பிறகு கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல், 'தண்ணீரில் நடந்தேன்' என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மருந்து வைக்கலாமா?

பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பதில் சொல்வதற்கு முன் ஒரு செய்தி. வடபழனியிலிருந்து போரூர் வழியாகப் போனால் வரும் குன்றத்தூரில், 2024 நவம்பரில், எலித் தொல்லைக்காக ஒரு வீட்டில் மருந்து வைக்கப்பட்டது. அன்றிரவு அங்கே தூங்கிய குடும்பத்தில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எலி போக வேண்டும் என்றுதான் அந்த வீட்டிலும் நினைத்திருப்பார்கள்.

எலி மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற விஷ வாயுவை வெளியிடும். இது வீட்டில் நாமே வைக்கும் பொருள் அல்ல. டியூபில் வரும் எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலைத் தாக்கும். அதற்கு மாற்று மருந்தே கிடையாது. தமிழக அரசு அதைத் தடை செய்திருக்கிறது. கேக் வடிவில் வரும் மருந்து மெதுவாக ரத்தம் உறையாமல் செய்து கொல்லும். அதைத் தின்று தள்ளாடும் எலியைப் பூனையோ, நாயோ, கூகையோ பிடித்துத் தின்றால் விஷம் அதற்கும் போகும். செத்த பெருச்சாளி வளைக்குள்ளேயே கிடந்தால், ஒரு வாரத்துக்கு வாசலில் நிற்க முடியாது.

குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் இருக்கும் வீட்டில், மருந்து கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். ஆள் வைத்துச் செய்தால், என்ன மருந்து, எங்கே வைக்கிறார்கள், எத்தனை மணி நேரம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதை எழுதி வாங்குங்கள். தவறுதலாக யாராவது தொட்டு வாயில் வைத்துவிட்டால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மருந்து வந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இருளர்களின் வித்தை

மருந்தே இல்லாமல் வளையைக் காலி செய்யத் தெரிந்தவர்கள் சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து இருளர் மக்கள். 1978-ல் தொடங்கி, இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் அவர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். வயல் எலி பிடிப்பதிலும் அவர்கள் கைதேர்ந்தவர்கள். வளை வாசலில் உள்ள மண்ணைப் பார்த்தே, உள்ளே எலி இருக்கிறதா இல்லையா என்று சொல்வார்கள். மற்ற வாசல்களை அடைத்துவிட்டு, ஒரு வாசலில் பானை வைத்து வாயால் ஊதிப் புகை போடுவார்கள். அந்தப் புகை அவர்கள் நெஞ்சையும் பாதித்ததால், பிறகு கையால் சுற்றும் புகைக் கருவி உருவாக்கப்பட்டது.

அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது புகையை அல்ல. வீட்டுச் சுவரோரம் புகை போட்டால் அது நம் படுக்கையறைக்குள்ளும் வரலாம். கற்க வேண்டியது, முதலில் வளையைப் 'படிக்கும்' பழக்கத்தை.

வீட்டில் என்ன செய்யலாம்?

* சாயங்காலம் எல்லா வளைகளிலும் கசக்கிய காகிதத்தைச் செருகி, மேலே லேசாக மண் தள்ளுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ, அதுதான் குடியிருக்கும் வளை. மூடியபடியே இருப்பது பழைய வீடு.
* வளைக்குள் குழாய் வைத்துத் தண்ணீர் விடாதீர்கள். உள்ளே பல கிளைகள் உண்டு. அது வேறு வாசல் வழியே போய்விடும், உங்கள் சுவரின் அடிமண்தான் கரையும்.
* திறந்த வளைக்குப் பக்கத்தில், சுவரோரமாகப் பெரிய இரும்புக் கூண்டு வையுங்கள். சின்ன எலிப்பொறி போதாது. மசால் வடை, தேங்காய்ச் சில்லு, கருவாடு எது வேண்டுமானாலும் வைக்கலாம். முதல் இரண்டு, மூன்று நாள் கதவைத் திறந்தே கட்டி வைத்துத் தின்னப் பழக்குங்கள். பிறகு பொறியை மாட்டுங்கள்.
* நடமாட்டம் நின்றது உறுதியான பிறகே வளையை அடையுங்கள். நம் கொத்தனார்கள் செய்கிற மாதிரி, உடைந்த கண்ணாடிச் சில்லும் ஜல்லியும் கலந்த சிமென்ட் நல்லது. வெறும் மண்ணைப் போட்டால் ஒரே ராத்திரியில் தோண்டிவிடும்.
* செடிப் பாத்தியைச் சுற்றி, அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை ஒன்றரை அடி ஆழத்துக்குப் புதையுங்கள். சாக்கடைத் துளைகளுக்கு இரும்புச் சல்லடை போடுங்கள்.
* ரசகற்பூர உருண்டை, ஃபினாயில் என்று கொட்ட வேண்டாம். பெருச்சாளி பக்கத்திலேயே இன்னொரு வாசல் போடும், அந்த உருண்டையைக் குழந்தை மிட்டாய் என்று எடுக்கும்.
* வளையைத் தொடும்போது கையுறையும் மூடிய செருப்பும் கட்டாயம்.

இதையெல்லாம் ஒரு வீடு மட்டும் செய்தால் பெருச்சாளி அடுத்த வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். தெருவே சேர்ந்து குப்பையை மூடி வைத்தால்தான் அது ஊரை விட்டுப் போக யோசிக்கும். வடிகால் மூடி உடைந்திருந்தாலோ, குப்பைத் தொட்டி வழிந்தாலோ, மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லலாம். வடபழனி, கோடம்பாக்கம் மண்டலத்தில் வருகிறது.

அந்தப் பாட்டி மருந்து வைக்கச் சம்மதிக்கவில்லை. "பேரன் தவழுற வயசு. செடி போனா வேற வைக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கொத்தனாருக்குப் போன் போட்டார்.