வெளியில் மூட்டிய அடுப்பு

2020 மார்ச் 12, வியாழன்

இன்று மாலை ஆறு மணியோடு பள்ளிக்கூடம், பாலர் பள்ளி எல்லாம் பூட்டு. பிற்பகல் பிரதமர் எர்னா சூல்பெர்க் அறிவித்தபோது நான் வேலையில், மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். சமாதான காலத்தில் இந்த நாடு கண்டிராத கட்டுப்பாடுகள் என்று அவரே சொன்னார். எங்கள் முதியோர் இல்லத்துக்கும் இனிப் பார்வையாளர் வரமுடியாது. மனைவிக்கு வாஃபிள் சுட்டுக் கொண்டுவரும் ஒரு முதியவர், வாசலில் நின்று பெட்டியை என்னிடம் நீட்டிவிட்டுத் திரும்பிப் போனார். கொண்டுவந்ததைக் கையால் ஊட்டிவிட முடியாமல் போவதுதான் இந்த நோயின் முதல் தண்டனை என்று எனக்குப் பட்டது.

வீட்டுக்கு வந்தால் அம்மா அரிசி மூட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறா. "உப்பும் நெருப்புப்பெட்டியும் வாங்கினனியே?" 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டபோது மண்ணெண்ணெயும் மெழுகுதிரியும் அரிதாகிப்போக, ஜாம் போத்தல் விளக்கில் எங்களை வளர்த்தவ. ஒஸ்லோவில் மின்சார அடுப்புக்கு நெருப்புப்பெட்டி எதற்கென்று மகள் கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை.

மார்ச் 16, திங்கள்

பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு செய்தியாளர் சந்திப்பு. பயப்படுவதில் தவறில்லை என்று பிரதமர் சொன்னதைச் சின்னவன் வாய் திறந்தபடி பார்த்தான். பிறகு வந்து கேட்டான்: பிறந்தநாளுக்கு ஆட்கள் வரலாமா? வரமுடியாது. எங்கள் வீட்டில் ஒருவருக்கு வயது கூடுவதென்றால் குசினியில் நாலு பெண்கள், கூடத்தில் பத்து ஆண்கள், குளியலறை வரைக்கும் சப்பாத்து. அப்படி இல்லாத ஒரு பிறந்தநாளை அவன் இதுவரை கண்டதில்லை.

மார்ச் 21, சனி

நேற்று மாலை ஆறு மணியிலிருந்து ஊரில் ஊரடங்கு. தங்கச்சி தொலைபேசியில் சொன்னாள்: மீன் சந்தை இல்லை, வளவு முருங்கைதான் கறி. இங்கே தமிழ்க் கடையிலும் முருங்கைக்காய் இல்லை, கறிவேப்பிலை இல்லை. பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் அவை இவ்வளவு காலமும் வந்துகொண்டிருந்தன. விமானம் நின்றதும் எங்கள் குழம்பின் வாசம் பாதியாகிவிட்டது.

ஏப்ரல் 5, ஞாயிறு

லண்டனில் பெரியம்மா போய்விட்டா. அம்மாவின் ஒரே அக்கா. மருத்துவமனைக்குள் போனவவைப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

அம்மா அழவில்லை. குசினிக்குள் வந்து அடுப்பை நிறுத்தினா. "அக்காவை எரிக்குமட்டும் இந்த வீட்டில அடுப்பு மூட்டவேண்டாம்." ஊரில் அது ஒரு நாள், கூடினால் இரண்டு நாள். அயலவர்கள் சட்டி சட்டியாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். செத்த வீடு பசித்திருக்காது. ஆனால் லண்டனில் இப்போது தகனத்துக்கே வாரக்கணக்கில் வரிசை. யார் எங்களுக்குச் சோறு கொண்டுவருவார்கள்?

கொண்டுவந்தார்கள். மாலைக்குள் வாசல்படியில் புட்டும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். மணியை அடித்துவிட்டு அவர்கள் தெருவுக்குப் போய் நின்றார்கள். நாங்கள் யன்னலுக்குள் நின்று கும்பிட்டோம். கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கவேண்டிய ஆட்கள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

எல்லாரும் வேலையை இழந்தும் நோய்க்குப் பயந்தும் இருக்கிற நேரத்தில் எத்தனை நாளைக்கு மற்றவர் சட்டியில் சாப்பிடுவது? என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தோட்டத்து மூலையில் துருப்பிடித்துக் கிடந்த கரி கிறிலை இழுத்துவந்து கழுவினார். "வீட்டுக்குள்ளதானே மாமி மூட்டக்கூடாது? இது வெளியில."

அம்மா நெடுநேரம் யோசித்தா. பிறகு தலையாட்டினா. மரக்கறி மட்டும் என்ற நிபந்தனையோடு.

கரி வெளுத்துச் சாம்பல் பூக்கும்வரை முக்கால் மணித்தியாலம் எடுத்தது. கம்பித்தட்டின் மேல் கஞ்சிப் பானை. கல்யாணமான நாளிலிருந்து தேத்தண்ணிக்கு மேல் எதுவும் வைத்தறியாத மனுசன், குளிர்ச்சட்டையோடு குந்தியிருந்து அகப்பையால் துழாவினார். புகை வாசத்தோடு அந்தக் கஞ்சி, சத்தியமாக, ஊர்க் கஞ்சி. அம்மா இரண்டு கிண்ணம் குடித்தா. மாலையில் ஐயரைத் தொலைபேசியில் கேட்டதில், பிள்ளைகள் உள்ள வீட்டில் அடுப்பு அணைந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். குசினி திரும்பத் திறந்தது. ஆனால் இவர் வெளியடுப்பை விடவில்லை.

ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறு

ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு எங்கள் தெரு வெறிச்சோடும். நோர்வேக்காரர் எல்லாரும் மலைக் குடில்களுக்குப் போய்விடுவார்கள். இந்த முறை சொந்த மாநகரசபை எல்லைக்கு வெளியே உள்ள குடிலில் இரவு தங்கத் தடை. அதனால் குறூருட் பள்ளத்தாக்கின் இந்தச் சின்னத் தெருவில் எல்லாருமே தோட்டத்தில் இருக்கிறார்கள். பனிமேட்டில் சாப்பிடவேண்டிய தோடம்பழத்தையும், ஃபிரேயாவின் க்விக் லுன்ஷ் சொக்கலேற்றையும் வேலிக்குள் இருந்து சாப்பிடுகிறார்கள். 1937 முதல் விற்கும் அந்தச் சொக்கலேற் இல்லாமல் இங்கே ஈஸ்டர் இல்லை.

பக்கத்து வீட்டில் தனியாக வாழும் அம்மையாருக்கு எழுபதுக்கு மேல். இத்தனை வருடமும் வணக்கம் சொல்வார், பனி தள்ளுவதில் உதவுவார்; ஆனால் அவர் எங்கள் வாசல்படி ஏறியதில்லை, நாங்களும் அங்கே ஏறியதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் எங்கள் பழக்கமும், இரண்டு வாரம் முன்னதாக நாள் குறிக்கும் அவர்கள் பழக்கமும் ஒரே தெருவில் முட்டாமலே இருந்தன. இன்று இவர் தயிரும் மஞ்சளும் சரக்குத்தூளும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டி ஊறவைத்த கோழிக்காலைச் சுட்டார். வாசம் வேலியைக் கேட்கவில்லை. அம்மையாரே எழுந்து வந்தார். வெளியே ஒரு மீற்றர் தூரம் போதும் என்பது விதி. தட்டைக் கல்மதிலில் வைத்துவிட்டு இவர் பின்னால் நகர, அவர் வந்து எடுத்தார். பதிலுக்கு, நெருப்பில் வாட்டிய பொல்சே சொசேஜ், லொம்பே என்ற மெல்லிய கிழங்கு ரொட்டியில் சுருட்டியது. சின்னவன் அதை எங்கள் சட்னியில் தோய்த்தான். உறைப்பு எப்படி என்று கேட்டதற்கு அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கால் கேட்டார்.

ஏப்ரல் 17, வெள்ளி

நோர்வேயில் வெள்ளிக்கிழமை என்றால் டாக்கோ. எங்களுக்கு மரக்கறி. இரண்டு நாளைக்கு முன் காட்டு நெருப்புக்கான தடைக்காலமும் தொடங்கிவிட்டது. செப்டம்பர் 15 வரை காட்டிலோ காட்டை அண்டியோ நெருப்பு மூட்டமுடியாது. ஆனால் எங்கள் தோட்டத்தில், கத்தரிக்காயைத் தோல் கருகச் சுட்டு, உரித்து, வெங்காயம், பச்சைமிளகாய், கட்டித் தேங்காய்ப்பால், தேசிக்காய். மின்சார அடுப்பில் இந்தச் சம்பல் வராது. வராது என்று எத்தனை வருடமாக மறந்திருந்தேன்.

மே 17, ஞாயிறு

தேசிய நாள். பிள்ளைகளின் ஊர்வலம் இல்லை. பிற்பகல் ஒரு மணிக்கு நாடு முழுக்க அவரவர் நின்ற இடத்திலிருந்து தேசிய கீதம் பாடினார்கள். நான் வேலையில் நின்றேன். இல்லத்து முற்றத்தில் கிறில் மூட்டி, சக்கர நாற்காலிகளை வெயிலில் வரிசையாக வைத்தோம். நெரிசல் இல்லாத தூரத்தில், பூச்செடிகளுக்கு அப்பால் உறவினர்கள். வாஃபிள்காரரும் வந்திருந்தார். மனைவிக்கு அவர் பெயர் மறந்து கன காலம். ஆனால் சொசேஜைக் கையில் கொடுத்ததும், கடுகு போடவில்லையே என்று அவரைத்தான் பார்த்துக் கேட்டா. கடுகுப் போத்தலை நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன்.

ஜூன் மாதக் கடைசி

வெக்கை. ஸ்டெய்ன்புரு ஏரிக்கரையில் ஊரே கிடக்கிறது. அலுமினியத் தட்டில் கரி நிரப்பி விற்கும், ஒருமுறை மட்டும் பாவிக்கும் கிறில்களை எனக்குப் பிடிப்பதில்லை. புல்லைச் சுட்டுக் கறுப்புச் சதுரம் ஒன்றை விட்டுவிட்டுப் போகின்றன. இறைச்சியும் வெளியே கருகி உள்ளே பச்சை. ஆனால் அதைச் சுற்றி இருந்த சோமாலியக் குடும்பத்தையும் வியட்நாமியக் குடும்பத்தையும் பார்த்தபோது வாய் மூடிக்கொண்டேன். மாடிக் குடியிருப்பில் பல்கனிக்குக் கரி கொண்டுபோக அனுமதி இல்லாதவர்களுக்கு அந்தத் தட்டுத்தான் தோட்டம்.

ஜூலை

மழை. கிறில் மூடியபடி.

ஆகஸ்ட் 15, சனி

இவர் விடியற்காலையில் லீசாக்கர் கரைக்குப் போய் மக்ரெல் மீனோடு வந்தார். கடலில் தூண்டில் போட இந்த நாட்டில் யாருக்கும் அனுமதிச்சீட்டு வேண்டாம். கொட் மீன் மாட்டினால் மட்டும் உயிரோடு விடவேண்டும். ஒஸ்லோ ஃபியோர்ட் கடற்கழியில் அது அருகிப்போனதால் 2019 முதல் தடை.

இவருடைய அப்பா காரைநகர் சீநோரில் படகு கட்டியவர். 1956இல் இங்கே வந்து, நோர்வேயின் முதல் தமிழர் என்று சொல்லப்படும் அன்ரனி ராஜேந்திரம், நோர்வேக்காரரின் உதவியைத் திரட்டி ஊரில் தொடங்கிய மீன்பிடித் திட்டம் அது. பிறகு எண்பதுகளில் எங்கள் பெடியள் வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் கொட் மீன் வெட்டிக் காசு அனுப்பினார்கள். இரண்டு நாட்டையும் கட்டிவைத்தது மீன் என்று இவர் சொல்லுவார். எனக்கு அதில் மறுப்பில்லை.

மக்ரெலில் எண்ணெய் கூட. கரியை ஒரு பக்கம் ஒதுக்கி, மற்றப் பக்கம் மீனை வைத்தால் தீ பாயாது. உப்பும் மஞ்சளும் மிளகும் பூசினேன். பூசும்போதே தங்கச்சியை நினைத்தேன். இறக்குமதியைத் தடுத்ததால் இலங்கையில் மஞ்சள் தங்கம்போல ஆகிவிட்டது. இராமநாதபுரக் கரையிலிருந்து படகில் மூட்டை மூட்டையாகக் கடத்துகிறார்களாம். மன்னார்ப் பக்கம் கடற்படை பிடிக்கிறதாம். அரை ஏக்கர் வளவுக்குள் இருந்துகொண்டு மஞ்சள் இல்லாமல் மீன் பொரிக்கிறாள் அவள்.

இல்லத்தில் ஒரு முதியவர் கோடை முழுக்கச் சுட்ட மக்ரெல் கேட்டுக்கொண்டிருந்தார், புளித்த கிறீமும் வெள்ளரிக்காய்ச் சலாட்டும் சேர்த்து. வீட்டில் சமைத்ததை உள்ளே கொண்டுபோக முடியாது. முன்பு சமையல்காரரிடம் சொன்னேன், அடுத்த கிழமையே முற்றத்தில் சுட்டுக் கொடுத்தார்கள். முள் எடுத்து ஊட்டினேன். நான் முகக்கவசத்துக்குள் அழுதது அவருக்குத் தெரிந்திருக்காது.

நவம்பர் 14, சனி

தீபாவளி. செவ்வாயிலிருந்து ஒஸ்லோ திரும்பவும் மூடல்: திரையரங்கு, நீச்சல்குளம் எல்லாம். எங்கள் பள்ளத்தாக்கில் தொற்றுக் கூட என்று தினமும் செய்தி. ஏன் கூட என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பஸ் ஓட்டுபவர், தரை துடைப்பவர், முதியவரைக் குளிப்பாட்டுபவர் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம். எங்கள் வேலையை வீட்டு மேசையிலிருந்து செய்யமுடியாது.

ஆட்டிறைச்சிக் கறியைப் பெட்டிகளில் அடைத்து, ஏப்ரலில் எங்களுக்குப் புட்டு இறக்கிய ஒவ்வொரு வாசலிலும் இறக்கினோம். மணி அடித்துவிட்டுத் தெருவில் நின்றோம்.

2021 ஜனவரி 14, வியாழன்

தைப்பொங்கல். பதினான்கு நாளைக்கு வீட்டுக்கு யாரையும் அழைக்கவேண்டாம் என்று அரசாங்கம் கேட்டிருக்கிறது. கடந்த வருடங்களில் குசினியில், காற்றுறிஞ்சியைப் போட்டுவிட்டுப் பொங்குவோம். பால் பொங்கினாலும் புகை எச்சரிக்கை மணி அடிக்கக்கூடாது என்பதே கவலை. இந்த முறை இவர் இரும்பு நெருப்புத்தட்டு வாங்கியிருந்தார். இந்தக் குளிர்காலத்தில் நோர்வே முழுக்க அதற்குத்தான் அலைச்சல். வெளியில்தானே ஆளை ஆள் பார்க்கலாம். பெற்றோல் நிலையத்தில் பேர்ச் விறகு ஒரு சாக்கு.

ஒஸ்லோவில் தை மாதச் சூரியன் ஒன்பது மணிக்குப் பிறகுதான் எழும்பும். பனியை வெட்டி ஒதுக்கி, அம்மா கோலம் போட்டா. வெள்ளையில் வெள்ளை மா தெரியாது என்று மஞ்சள் கலந்து. வாசலில், திறந்த வானத்தின் கீழ், விறகு நெருப்பில் பானை. இந்தப் பண்டிகை கேட்பதே அதைத்தான். இத்தனை வருடம் குசினிக்குள் பொங்கியதுதான் எங்கள் சமரசம். பால் தெற்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. சின்னவன் ஊரே கேட்கக் கத்தினான். பக்கத்து அம்மையார் தன் கிண்ணத்தையும் கதிரைக்கு ஆட்டுத்தோலையும் எடுத்துக்கொண்டு வந்து, ஒரு மீற்றர் தள்ளி அமர்ந்தார். அம்மாவுக்கு நோர்வே மொழி வராது, அவருக்குத் தமிழ் வராது. இருவரும் அக்காமாரை இழந்தவர்கள் என்பதை மகள்தான் நடுவில் நின்று சொல்லிக்கொடுத்தாள்.

மார்ச்

அம்மாவுக்கு முதல் ஊசி. இல்லத்தில் எல்லாருக்கும் முடிந்துவிட்டது. மக்ரெல் கேட்டவர் ஊசியும் போட்டு, இரண்டாவது கோடைக்குக் காத்திராமல், முதுமையில் போனார்.

செப்டம்பர் 25, சனி

பிற்பகல் நான்கு மணிக்கு அநேகமாக எல்லாக் கட்டுப்பாடும் நீங்கியது. நகரத்தில் இளைஞர் வரிசையாம், ஆரவாரமாம். எங்கள் தெருவில் வேறு வேலை. வியாழக்கிழமை ஃபோரிகோல் நாள்: செப்டம்பரின் கடைசி வியாழன். செம்மறி இறைச்சி, கோவா, மிளகு, உப்பு, தண்ணீர். வேறு எதுவும் இல்லை. 1972இல் நாட்டின் தேசிய உணவாகத் தெரிவானது, 2014இல் இரண்டாம் முறையும் அதுவே. எங்கள் குசினியில் வந்து சமைத்துக் காட்டுவதாகப் பக்கத்து அம்மையார் சொல்லியிருக்கிறார். மிளகு எவ்வளவு என்பதில் இப்போதே பேச்சு நடக்கிறது. அம்மாவின் கட்சி, இடித்துப் போடவேண்டும். அவரின் கட்சி, முழுதாகத்தான். இவரோ பானையை வெளியே விறகில் வைப்போம் என்கிறார். நான் மறுத்துவிட்டேன். அன்றைக்கு அவர் வாசல்படி ஏறி உள்ளே வரட்டும், சப்பாத்தைக் கழற்றட்டும், மேசையில் இருக்கட்டும். கரிக்கோழியை வெளியே சுட்டு உள்ளே கொண்டுவரட்டும் இவர். சாப்பாடு ஏப்ரலில் புட்டு இறக்கியவர்களுக்கும் சேர்த்து. கதிரை காணாது, நாளைக்கு இரவல் கேட்கவேண்டும்.