கடைசியாகச் சொன்னது

ஜாலான் பாசாரில் அந்தக் கடைக்கு முதன்முதலாகப் போனபோது, கல்லாவில் இருந்த சீனப் பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார். "மோட்டோர் ஸ்டால், பெராப்பா அம்ப்?" சக்கரம் சுற்ற முடியாமல் முட்டி நிற்கும்போது மோட்டார் எத்தனை ஆம்ப் இழுக்கும் என்று கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லக் கூச்சம். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த சிவப்புப் பலகையைக் காட்டி, "இனி சாஜா, அங்கிள்" என்றேன்.

எல்298என். எலெக்ட்ரானிக்ஸ் தொட்ட மாணவர்கள் பலரின் மேசை இழுப்பறையில் ஒன்றாவது கிடக்கும். கோடு பார்த்து ஓடும் குட்டி வண்டிக்கு அது போதும். நானும் தம்பியும் செய்துகொண்டிருந்தது சண்டை ரோபோ. ஒன்றரைக் கிலோ, 'பீட்டில்' எடைப்பிரிவு. 1998இல் பிபிசி ஒளிபரப்பத் தொடங்கிய 'ரோபோட் வார்ஸ்' நிகழ்ச்சியின் துண்டுகளை யூடியூபில் பார்த்துப் பிடித்த பைத்தியம்.

முதல் சண்டையில் எதிராளியைச் சுவரோடு வைத்துத் தள்ளினோம். கூட்டம் கத்தியது. நான்கைந்து விநாடிதான், எங்கள் வண்டி செத்துப்போனது. நடுவர் பத்து எண்ணி முடித்தார். முடித்த கொஞ்ச நேரத்தில், யாரும் கேட்காமலே, அது மெல்ல முன்னால் நகர்ந்தது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். மோட்டாரின் சுருளில் 1.2 ஓம். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 12.6 வோல்ட். வகுத்தால் பத்தரை ஆம்ப். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் தானும் ஒரு ஜெனரேட்டர் மாதிரி எதிர்வோல்ட் கிளப்பி மின்னோட்டத்தைத் தடுத்துக்கொள்ளும். நின்றுவிட்டால் அந்தத் தடுப்பு இல்லை. ஓம் விதி மட்டும்தான். அந்தச் சிவப்புப் பலகை ஒரு மோட்டாருக்குத் தாங்குவது இரண்டு ஆம்ப். உள்ளே பழைய காலத்து பைபோலார் டிரான்சிஸ்டர்கள். இரண்டு வோல்ட்டுக்கு மேல் தாங்களே தின்றுவிட்டு, அதைச் சூடாக்கி வெளியே தள்ளும். சூடு ஏறியதும் தற்காப்புக்காகப் படுத்துக்கொண்டது. ஆறியதும் எழுந்தது. அதன்மேல் தப்பே இல்லை. பெரியவரின் கேள்விக்கு ஐந்தாம் படிவத்துக் கணக்கு போதுமாயிருந்தது. நான் போடவில்லை.

அடுத்து வாங்கியது ரிமோட் கார்களுக்கான இ.எஸ்.சி., அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. உள்ளே மாஸ்ஃபெட்கள். ஐந்து மில்லி ஓம் மாஸ்ஃபெட் ஒன்றில் பத்து ஆம்ப் போனாலும் அரை வாட்தான் சூடு. இந்தத் தடவை கணக்கெல்லாம் சரி. ஆனால் கார் ஓட்டுகிறவனுக்கு ரிவர்ஸ் என்பது அவசரமில்லாத விஷயம். குச்சியைப் பின்னால் இழுத்தால் அது முதலில் பிரேக் போடும். நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி இழுத்தால்தான் பின்னால் போகும். களத்துக்குள் ஒருத்தன் கத்தியைச் சுற்றிக்கொண்டு வரும்போது இந்த மரியாதைக்கெல்லாம் நேரம் கிடையாது. "ரிவர்ஸ் அடிண்ணே, ரிவர்ஸ் அடி!" என்று தம்பி பக்கத்தில் குதிக்கிறான். நான் அடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கப்புறம்தான் உருப்படியாகப் படித்தேன். சண்டைக்கு வேண்டியது முன்னும் பின்னும் தயங்காமல் திரும்பும் கருவி. அதிலும் ஒரு பொறி உண்டு. முழு வேகத்தில் முன்னால் போகிற மோட்டாரைச் சட்டென்று பின்னால் திருப்பினால், இதுவரை பேட்டரியைத் தடுத்த எதிர்வோல்ட் இப்போது அதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு கணம் ஏறக்குறைய இரட்டிப்பு ஆம்ப். அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் சில விநாடிக்கு மட்டும் தாங்குவதாக இருக்கலாம். தொடர்ந்து தாங்குவது எவ்வளவு என்று பார்த்துத்தான் வாங்கினேன். ஆயுதத்துக்கு பிரஷ்லெஸ் மோட்டார். அதற்கு டிரோனில் போடும் இ.எஸ்.சி. ஒரே பக்கம் சுற்றினால் போதும், ஆகவே ரிவர்ஸ் கவலையில்லை.

எல்லாம் பார்த்தாயிற்று என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அஞ்சடியில், பலகைப் பெட்டிக்குள் வைத்து ஆயுதத்தை மெதுவாகச் சுற்றவிட்டோம். பாதி வழியில் ரிமோட் அணைந்தது. பழைய பேட்டரி. பட்டை நிற்கவில்லை. அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன். தம்பி மூடியைத் தூக்கி, பேட்டரி பிளக்கைப் பிடுங்கக் கைவிட்டான்.

இடது ஆள்காட்டி விரல். நான்கு தையல். மெதுவாகச் சுற்றியதால் விரல் மிஞ்சியது.

அந்த இ.எஸ்.சி. சிக்னல் நின்றால் மோட்டாரை நிறுத்திவிடும். அதைப் படித்துத்தான் வாங்கியிருந்தேன். ஆனால் சிக்னல் நிற்கவில்லை. ரிமோட் போனபின் என்ன செய்யவேண்டும் என்று ரிசீவரில் அமைத்துவைக்க வேண்டும். நான் அமைக்கவில்லை. அது பெட்டியிலிருந்து வந்தபடியே, கடைசியாகக் கேட்டதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. 1.3 மில்லி விநாடித் துடிப்பு, விநாடிக்கு ஐம்பது முறை. சுற்று, சுற்று, சுற்று. என் கட்டளைதான் அது. நான் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கிளினிக்கிலிருந்து வரும் வழியில், நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, "அம்மாகிட்ட கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுறேன்" என்றான். அப்படியே சொன்னான். அம்மா கதவைத் திட்டினார், பிறகு அவனை. நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

அந்த வருஷத் தைப்பூசத்துக்கு அவன் உருமி அடிக்கப் போகவில்லை. குழு போனது. பத்துமலைப் படிக்கட்டுக்குக் கீழே நின்று நாங்கள் இருவரும் பார்த்தோம். அவன் வலது கை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு இரண்டு தடவை அம்மா பக்கம் திரும்பினேன். இன்றுவரை சொல்லவில்லை. அம்மா தமிழில் எதையும் இணையத்தில் படிப்பவரில்லை, அந்தத் தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

போன மாதம் புது வண்டிக்குச் சாமான் வாங்க அதே கடைக்குப் போனோம். பெரியவர் கேட்பதற்குள் தம்பி எண்ணைச் சொல்லிவிட்டான். வீட்டில் வயரிங் முடிந்ததும் பட்டையைக் கழற்றித் தூர வைத்தேன். மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. தம்பி ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, தழும்பு விழுந்த விரலைச் சுவிட்ச்மேல் வைத்தான்.

"அண்ணே, ஆஃப் பண்ணவா?"

"கைய தள்ளி வச்சுக்கிட்டுப் பண்ணு."

"வச்சுட்டுத்தான் இருக்கேன். உன் கையப் பாரு."