பழவேற்காட்டில் பன்னிரண்டு மாதமும்

எங்கள் மதரஸாவின் விடுமுறை பிறையைப் பின்பற்றி வருவது. ஷஃபான் இறுதியில் கிதாபுகளை மூடி வைத்தால், நோன்புப் பெருநாள் கழிந்து ஷவ்வாலில்தான் மீண்டும் திறப்போம். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவானது. ஆதலால் அவ்விடுமுறை ஆண்டுதோறும் முன்னகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் கோடை, மாரி, பனி என எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றி வந்துவிடுகிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமளானும் டிசம்பரில் மற்றொரு ரமளானும் பிறக்கவிருக்கின்றன. ஆகவே, "இன்ன மாதத்தில் மட்டும் போகலாம்" என்னும் சுற்றுலாத்தலங்கள் எங்களுக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை.

பழவேற்காட்டை நான் விரும்புவதற்கு இதுவே முதற்காரணம். ஏரியும் கடலும் பழந்துறைமுகமும் ஒன்றாய் அமைந்த ஊர் அது. பொன்னமராவதியில் கண்மாய்களைத் தவிர வேறு நீர்ப்பரப்பைக் கண்டிராத எங்கள் பிள்ளைகளுக்கு, கரையே தெரியாத ஓர் ஏரி என்பது நம்ப முடியாத செய்தி. "இந்தக் கண்மாய்க்கு மடை எங்கே ஹஜ்ரத்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். முகத்துவாரத்தைக் கைகாட்டினேன். கேள்வி சரியானதுதான். ஏரிநீர் கடலுக்குப் போவதும் கடல்நீர் ஏரிக்குள் வருவதும் அவ்வழியேதான். மணல் சேர்ந்து அது தூர்ந்துவிட்டால் இறாலும் மீனும் உள்ளே வர வழியின்றி, வலைக்காரரின் அடுப்பு அணைந்துவிடும்.

செல்லும் வழி எளிது. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்துப் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பேருந்து உண்டு. நம் பக்கத்திலிருந்து செல்வோர் ஓர் இரவுப் பயணத்தைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

பெரும்பாலோர் அவ்வூரை நாடுவது பூநாரைகளுக்காக. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வரத் தொடங்கும் அவை, பங்குனி வரை ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் மேய்கின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு நிறம் உண்ணும் நுண்பாசியிலும் சிற்றிறாலிலும் இருந்து கிடைப்பது என்று சொன்னபோது பிள்ளைகள் என்னை ஐயத்துடன் நோக்கினர். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. பறவைகளும் அப்பக்கமே மிகுதியாக இறங்குகின்றன. படத்தில் கண்டதுபோல் பேருந்தை விட்டு இறங்கியதும் எதிரே நிற்கும் என்று எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர்.

மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்ட, ஏரி பரந்து உப்புக் குறைகிறது. கோடையில் நீர் சுருங்கி, உவர்ப்பு மிகுந்து, சேற்றுத்திடல்கள் வெளிப்படுகின்றன. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குக் கடலில் தடைக்காலம். அப்போதும் ஏரியில் பாய்ச்சீலையும் துடுப்பும் கொண்ட சிறு தோணிகளைக் காணலாம். அவ்வேரியில் யார் எந்த இடத்தில் எந்நாளில் வலை கட்டுவது என்பதைச் சில மீனவக் கிராமங்கள் தங்களுக்குள் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துக்கொள்கின்றன. இதற்குப் 'பாடு' முறை என்று பெயர். நல்ல இடம் இன்று ஒருவருக்கு, நாளை மற்றவருக்கு. இவ்வுரிமை இல்லாதோர்க்கு இம்முறையில் மனக்குறை உண்டு என்பதும் மெய்யே. இருப்பினும், பாகப்பிரிவினை பாடத்தை நடத்தும் எனக்கு, கண்மாய் மீன் ஏலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் சச்சரவுகளை எண்ணும்போது, அச்சீட்டின் மீது மதிப்பே பிறக்கிறது.

ஊருக்குள் இருக்கும் சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரியக் கடிகாரம் உண்டு. தொழுகை நேரத்தை அறிவதற்காக நம் முன்னோர் அமைத்தது. நான் அதிக நேரம் செலவிட்டது அதனருகில்தான். ஒரு பொருளின் நிழல், நண்பகல் நிழல் நீங்கலாக, அதன் அளவுக்குச் சமமாக நீளும்போது ஷாஃபிஈ மத்ஹபில் அஸர் நேரம் நுழைகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்துப்படி இருமடங்கு நீளவேண்டும். இதை வகுப்பறையில் பலகையில் வரைந்து எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். பிள்ளைகள் மனனம் செய்து ஒப்புவித்தார்கள். நிழலின் பக்கத்தில் நின்று பார்த்த அன்றுதான் விளங்கிக்கொண்டார்கள்.

இங்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பாடம் உண்டு. பழவேற்காட்டில் சூரியன் உச்சி சாயும் நேரம் பிப்ரவரி நடுவில் நம் கைக்கடிகாரப்படி ஏறத்தாழ 12 மணி 23 நிமிடம். நவம்பர்த் தொடக்கத்திலோ 11 மணி 52 நிமிடம். ளுஹர் நேரம் அரைமணி அளவுக்கு முன்பின் ஆவதை அட்டவணையில் காண்பது வேறு, கல்லில் காண்பது வேறு. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு நடுப்பகுதியிலும் சூரியன் அவ்வூருக்கு நேர் உச்சியில் வருவதால், நட்டுவைத்த கோலுக்கு நண்பகலில் நிழலே இராது. மே நடுவில் சென்றால் அந்நிழல் தெற்கு நோக்கி விழும். மாணவர் எவரும் முதலில் இதை நம்புவதில்லை.

பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டிகளும் தட்டுகளும் முடைவதில் பெயர் பெற்றவர்கள். சாயமேற்றிய ஓலையை நகத்தளவு அகலத்தில் கிழித்துப் பின்னும் வேலை அது. மூடிபோட்ட பெட்டி ஒன்றை வாங்கும்போது பேரம் பேசவேண்டாம் என்று எங்கள் வீட்டுப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வீட்டை விட்டு அகலாமல் ஹலாலான வருமானம் ஈட்டும் கைகளுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.

மலேசியாவில் வேலை செய்தோர் குடும்பங்கள் நம் பக்கத்தில் பல. அங்கே ஆண்கள் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்குக் 'காயின் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது வேறன்று, பழவேற்காட்டைத்தான் ஐரோப்பியர் புலிகாட் என்று அழைத்தார்கள். இத்துறையிலிருந்து கப்பலேறிய துணி, ஊர்ப்பெயரையும் தன்னுடன் கொண்டுபோய்விட்டது.

துணி மட்டும் கப்பலேறவில்லை. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இடைப்பட்ட காலத்தில், பஞ்சத்தில் தம்மையும் பிள்ளைகளையும் விற்ற ஏழைகள் அடிமைகளாக இத்துறை வழியே பத்தேவியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கோட்டை இன்று முட்புதர். அதிகாரிகளின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் காவலில் நன்றாகவே உள்ளது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. வேலைப்பாடு அருமை என்பதை மறுக்கவில்லை. விற்கப்பட்டோரை நினைவூட்ட அங்கே ஒரு கல் கிடையாது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்ன பிறகே சிற்பங்களைக் காட்டினேன்.

இனிப் படகு. இதைப் பற்றி வாசகர்களிடம் கண்டிப்பாகவே எழுதவேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று, விடுமுறைக்காக வந்த குடும்பத்தினரை ஏற்றிச் சென்ற படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். உயிர்காப்பு அங்கி எவரிடமும் இல்லை. அதன் பின்னர் உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. என்றாலும் கரையில் நின்றால், "ஏறுங்க பாய், அரைமணி நேரத்துல முகத்துவாரம் பார்த்துட்டு வந்துரலாம்" என்று அழைப்போர் இல்லாமல் இல்லை. அவர்களை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீன் கிடைக்காத நாளில் ஐந்நூறு ரூபாய் அவர்களுக்குப் பெரிது. அவர்களை வற்புறுத்துவோர் நாமே. என்னுடன் வந்த பெற்றோர் ஒருவர், "இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் தண்ணீரில் இறங்காமல் போவதா? தவக்கல் வையுங்கள் ஹஜ்ரத்" என்றார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நினைவூட்டினேன். அவருக்குக் கோபம். பிள்ளைகளின் முகமும் வாடித்தான் போயிற்று. மற்றவர் வீட்டுப் பிள்ளைகள் பதினான்கு பேர் என் பொறுப்பில் இருந்தார்கள். அவர்களுடைய தாய்மாரிடம் தலையை எண்ணி ஒப்படைக்க வேண்டியவன் நான்.

படகுக்குப் பதிலாக, வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, அவர் பக்கத்தில் பிள்ளைகளை அமர்த்தினேன். நண்டை எப்படிப் பிடித்தால் கடிக்காது என்பதிலிருந்து, நிலவின் பிறைக்கும் ஏரியில் நீர் ஏறி இறங்குவதற்கும் உள்ள தொடர்பு வரை அவர் பேசினார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம் பெருகும் என்று அவர் சொன்னதும், பிறை எண்ணிப் பழகிய எங்கள் பிள்ளைகள் அன்றைய பிறை எத்தனை என்று போட்டிபோட்டுக்கொண்டு கூறினார்கள். கோபித்துக்கொண்ட அந்த அத்தாவும் சற்று நேரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அஸருக்குப் பாங்கு ஒலிக்கும் வரை ஒருவரும் எழவில்லை.