பூட்டில்லாப் பெட்டகம்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் விரிந்து கிடக்கிறது டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம். கருங்கற் குன்றுகள், சதுப்பு, திடீரென மூடும் பனி. இவையே அதன் இயல்பு. அதன் வடபகுதியில், நடந்தே சென்றடைய வேண்டிய கிரான்மியர் குளத்தருகே, 1854-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு புட்டியை வைத்தார். அங்கு வந்தோர் தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் சென்றனர். பின்னாளில் முகவரி எழுதிய அஞ்சலட்டைகளையும் விட்டுச் செல்லலாயினர். அடுத்து வருபவர், முன்பின் அறியாதவரின் அட்டையை எடுத்துச் சென்று அஞ்சலில் சேர்ப்பார்.

இதனையொத்த பொழுதுபோக்கு ஒன்று அமெரிக்காவில் பிறந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், துணைக்கோள் வழி இடமறியும் வசதியின் துல்லியத்தைக் குறைத்து வைத்திருந்த ஏற்பாட்டை அந்நாட்டரசு நீக்கியது. மே 3-ஆம் நாள், ஓரிகன் மாநிலக் காட்டுப்புறத்தில் டேவ் உல்மர் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை அறிவித்தார். கண்டெடுப்பவர் ஒரு பொருளை எடுத்தால் மற்றொன்றை வைக்க வேண்டும். குறிப்பேட்டில் பெயர் எழுத வேண்டும். ஜியோகேச்சிங் எனப்படுவது இதுவே.

தேடாமலே இத்தகைய பெட்டியைக் கல்லிடுக்கில் காண்போரும் உண்டு. பூட்டில்லை; காவலில்லை. திறந்து பார்த்தபின் இருந்த இடத்திலேயே வைத்துச் செல்வதே முறை. எவரும் காணாத இடத்திலும் அமானிதம் பேணும் மனிதரை நம்பியே அப்பெட்டி அங்கே காத்திருக்கிறது.