துணி போர்த்திய கருவி

பி.காம். படிக்கிறவனுக்கு எக்ஸ்ரே படிகவியலில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? எல்லாம் அக்காவால் வந்தது. :-)

அக்கா நாகர்கோவிலில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டாள். சென்னை கிண்டி வளாகத்தில் உயிர் இயற்பியல் படிக்க ஆசை. "எதுக்கு மக்ளே அவ்வளவு தூரம்? இங்கயே பி.எட். படி" என்கிறார் அப்பா. வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சே இல்லை.

அப்படி அங்கே என்னதான் இருக்கிறது என்று தேடிப் படித்தேன்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் இயற்பியல் துறைக்குப் பேராசிரியர் தேடினார். சர் சி.வி. ராமன் தன் மாணவர் ஜி.என். ராமச்சந்திரனைச் சொன்னார். வயது சுமார் முப்பதுதான். அவர் வந்து கிண்டியில் எக்ஸ்ரே ஆய்வுக்கூடம் அமைத்தார்.

தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிலும் கொலாஜன் என்ற புரதம் உண்டு. அதன் மேல் எக்ஸ்ரே பாய்ச்சினால் கதிர் சிதறி ஃபிலிமில் புள்ளியும் கீற்றுமாக விழும். அதை வைத்து அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்குப் போட வேண்டும். கங்காரு வாலின் தசைநாரைக்கூட விட்டுவைக்கவில்லையாம்! 1954-55இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் விடை சொன்னார்கள்: மூன்று பிரி முறுக்கின கயிறு மாதிரி. ஈத்தாமொழிப் பக்கம் தும்புக் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து ராமச்சந்திரன் வரைபடம் வந்தது. அணுக்கள் ஒன்றோடொன்று முட்டாமல் புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று சொல்லும் படம். இன்றைக்கும் உலகில் எங்கே புரத அமைப்பு கண்டுபிடித்தாலும் இதில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் ஆடிட்!

அக்கா படித்த கல்லூரியிலும் ஒரு பழைய எக்ஸ்ரே கருவி உண்டு. மூன்று வருஷமும் துணி போர்த்தியே கிடந்ததாம். தொட்டுக் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பயம்.

கணக்குப் பதிவியலில் இரண்டு கருவிக்கும் ஒரே விதிதான். சொத்துப் பக்கம் எழுதி, வருஷா வருஷம் தேய்மானம் கழிக்க வேண்டும். கிண்டியில் 1952இல் வாங்கியதெல்லாம் கணக்கில் எப்போதோ பூஜ்யமாகியிருக்கும். ஆனால் அங்கே போட்ட கணக்குக்குத் தேய்மானமே இல்லை. கருவியை இறக்குவதற்கு முன்னால் அதைத் தொடத் துணிகிற ஆளை வரவழைத்தார்களே, அதுதான் முதலீடு.

இன்று ராத்திரி இதை அப்பாவிடம் சொல்லப் போகிறேன். ஹாஸ்டல், பஸ் செலவெல்லாம் எழுதி வைத்துவிட்டேன். அப்பா "செலவு" என்பார். நான் "முதலீடு" என்பேன். என்ன ஆச்சு என்று அடுத்த பதிவில் சொல்கிறேன்.