அழுகண்ணியும் யானும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவனுக்குப் பல்கலைக்கழகச் செடிமனையில் யாது வேலை என்று நண்பர்கள் வினவலாம். யானும் அங்ஙனமே வினவினேன். தாவரநூல் பயிலும் என் அறைத்தோழன் விடாது வற்புறுத்தவே, ஒரு சனிக்கிழமை மாலை அவனுடன் சென்றேன்.

செடிமனை என்பது கண்ணாடி மாளிகை என்றே எண்ணியிருந்தேன். குளிர்நாடுகளில் வெப்பத்தை உள்ளே நிறுத்தக் கண்ணாடி வேண்டும். நம் நாட்டிலோ வெயிலை வெளியே நிறுத்துவதே பெரும்பாடு. ஆதலின் ஆங்கு யான் கண்டவை பச்சைவலைக் கூரையும் நீர் தெளித்த மணற்றரையுமே.

முதலிற் கண்டது மேகாலயத்துக் குடுவைச்செடி. இலைநுனி நீண்டு கொடியாகி, முடிவில் மூடியோடு கூடிய குடுவையாகின்றது. பூச்சி விழுந்ததும் மூடி அடைத்துக்கொள்ளும் என்று யான் கேள்வியுற்றது பொய், மூடி அசைவதேயில்லை. வழுக்கும் விளிம்பே பூச்சியை உள்ளே வீழ்த்துகின்றது. காரோ மலைமக்கள் அதனைப் பேயின் கூடை என்று பொருள்படும் பெயரால் அழைப்பராம்.

எனினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது அதுவன்று. ஒரு தட்டில், நாணயமளவே அகன்று, தரையோடு ஒட்டிக் கிடந்த செந்நிறச் செடியொன்று. இலைமயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி மின்னியது. "இதன் பெயர் அழுகண்ணி, தம்பி" என்றார் செடிமனையைப் பேணும் முதியவர். தொழுகண்ணி என்ற செடியும் உண்டென்றும், அதன் சிற்றிலைகள் தாமே அசையுமென்றும் கூறினார். அழுகண்ணி, தொழுகண்ணி! இத்தகைய பெயரிட்டவன் புலவனல்லனோ? அவ்வழகிய கண்ணீரில் ஓர் எறும்பு ஒட்டிக்கொண்டது. சில நொடிகளில் மயிர்கள் வளைந்து அதனைப் பற்றின. டார்வின் இவ்வினத்துச் செடிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து 1875இல் ஒரு நூலே வெளியிட்டார் என்று தோழன் சொல்லியபோது, யான் வியக்கவில்லை.

என் ஆவலைக் கண்ட முதியவர் சிறு சட்டியொன்றில் ஒரு செடியைத் தந்தார். "மழைநீரன்றி வேறு நீர் வார்க்காதே, எருவும் இடாதே" என்றார். பத்து நாள் அவர் சொற்படி நடந்தேன். பின்னர் மழைநீர் தீர்ந்தது. விடுதிக் கிணற்றுநீரை வார்த்தேன். செடி மெலிந்திருப்பதாக எனக்குத் தோன்றவே, எருவும் ஒரு பிடி இட்டேன். முதியவரின் கட்டளை வெறும் பழக்கம் என்றே கருதினேன். மூன்றாம் வாரத்தில் துளிகள் மறைந்தன, இலைகள் கருகின. சத்தற்ற மண்ணில் வாழப் பழகியதாலேயே அது பூச்சியை நாடுகின்றது என்பதையும், உப்புநீரும் எருவும் அதன் வேருக்கு நஞ்சு என்பதையும் தோழனிடம் பின்னரே அறிந்தேன்.

வாடிய சட்டியைக் கட்டிலின் கீழ் மறைத்து வைத்தேன். செடிமனை வழியே செல்வதையும் தவிர்த்தேன். தோழனோ, "செடி எப்படியிருக்கிறது என்று அவர் கேட்கிறார்; யான் என்ன சொல்வது?" என்றான். மறுநாள் சட்டியுடன் சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் சினக்கவில்லை, அதுவே எனக்குப் பெருந்துன்பமாயிற்று. சட்டியை வாங்கிக்கொண்டு, ரணகள்ளியின் இலையொன்றைப் பறித்துத் தந்தார். "இதை மண்ணின்மேல் போட்டுவிடு, அது போதும்" என்றார்.

மடகாஸ்கர்த் தீவிலிருந்து வந்த அச்செடியின் இலைவிளிம்பிலேயே கன்றுகள் முளைக்கின்றன. ஜெர்மானியப் பெருங்கவி கெதே இதனை வளர்த்து நண்பர்களுக்குக் கன்றுகள் வழங்கினார். அந்நாட்டார் இதனை அவர் பெயராலேயே அழைக்கின்றனர். யானும் வழங்கினேன். அறைத்தோழனுக்கு ஒன்று, விடுதிச் சமையற்காரருக்கு ஒன்று, ஊரிலுள்ள அன்னைக்குக் கடித உறையில் ஒன்று. அவர் அதனைத் துளசிக்கன்று என்றெண்ணி முகர்ந்து பார்த்தாராம்!

சென்ற வாரம் மீண்டும் செடிமனைக்குச் சென்றேன். என் பழைய சட்டி புதுமணலோடு தட்டிலிருந்தது. குனிந்து நோக்கினேன்; ஊசித்தலையளவாய் இரண்டு செம்புள்ளிகள் தோன்றின.

"இவை யாருக்கு, ஐயா?" என்றேன்.

"முதலில் மழை வரட்டும், தம்பி" என்றார்.